பொட்டு வைத்த மூன்று பெட்டிகள்

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் இருந்திருந்தால், ரோஹிணி அன்று சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வழக்கம்போல ரெண்டு முழம் மல்லி வாங்கி ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு மாடம்பாக்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். பார்த்துத் தொலைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே கார்த்திகை மழை. திங்கட்கிழமை அண்டை நாடுகளிலிருந்து பன்னிரண்டு அதிகாரிகள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டப் பத்துப் படம் வேண்டும் என்று மேலாளர் லாசரஸ் சார் சொல்லியிருந்தார். முதல் படமாக விஜயதசமி அன்று எடுத்ததைப் போடலாம் என்று ரோஹிணிக்குத் தோன்றியது. எல்லோரும் புதுத்துணி. நடுவில் கொழும்புக்குப் போகவேண்டிய மூன்று பெட்டிகள். பெட்டிக்கு முன்னால், கையில் சந்தனக் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டு அவளே நிற்கிறாள்.

ஆய்வுக்கூடம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். தாம்பரத்தில், வேளச்சேரி சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டு மாடி, பதினான்கு பேர், ஒரு லிஃப்ட். அதுவும் மழை பெய்தால் வேலைசெய்யாது. ஆஸ்பத்திரிக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சான்று ஒட்டுவதுதான் வேலை. பதினோரு வருடமாக அளவீட்டுப் பிரிவு ரோஹிணியின் பொறுப்பு. இந்தப் பதினோரு வருடத்தில் அவளிடம் யாரும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அந்தக் கர்வமும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

போன வருடம் அண்டை நாடுகள் ஐந்து சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. ஒரு நாட்டில் சோதித்த கருவியை மற்ற நாலு நாடும் மறுபடி சோதிக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் அதற்கு 'ஒரே டெஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் கீழே வந்த முதல் பொருள், பச்சைக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் படுக்கை. சூடேற்றி சென்னையில் வடிவமைத்தது, சர்க்யூட் போர்டு டாக்காவில், இரும்புச் சட்டம் காத்மாண்டு பட்டறையில். வெளிநாட்டுப் படுக்கையின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். முன்னெல்லாம் இப்படிப்பட்ட பெட்டி ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் மறுசோதனைக்காக நாலு மாதம் தூசி தின்னும். இப்போது பதினோரு நாளில் பிள்ளையின் அடியில் போய்விடுகிறது. நல்ல காரியம்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் இருந்த ஒரு கண் இல்லாமல் போய்விட்டது என்பதை மட்டும் ஒருவரும் பேசவில்லை.

ரோஹிணி படத்தில் தன் முகத்தைப் பார்க்கத்தான் பெரிதாக்கினாள். முகம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் மேஜைமேல் 'மாஸ்டர்' இருந்தது. பென்சில் கனத்துக்கு ஒரு எஃகுக் கம்பி, அதன் நுனியில் வெப்பத்தை உணரும் முனை. அந்த ஆய்வுக்கூடத்தில் மாஸ்டர் சொல்வதுதான் உண்மை. படுக்கையின் உணர்கருவி என்ன காட்டினாலும், மாஸ்டர் காட்டும் அளவுக்கு அதைத் திருகிச் சரிசெய்வதுதான் முறை.

மாஸ்டரின் நுனியில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு இருந்தது. ஈரம் பளபளத்தது. பக்கத்துத் திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கு எதற்குத்தான் பொட்டு வைக்கவில்லை! கம்ப்யூட்டருக்கு, ஸ்டாப்ளருக்கு, டீ போடும் ஸ்டவ்வுக்கு, லாசரஸ் சாரின் பைக்குக்கு. மாஸ்டரின் கைப்பிடியைப் பூச்சரம் சுற்றியிருந்ததால் நுனிதான் காலியாக இருந்தது. வைத்தாள். விஜயதசமி அன்று பேருக்காவது ஒரு வேலையைத் தொடங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதனால் நல்ல நேரத்தில், ஒன்பதேகாலிலிருந்து பத்தரைக்குள், கொழும்புக்குப் போகவேண்டிய மூன்று படுக்கைகளை எடுத்துச் சரிபார்த்து முடித்தார்கள். அப்புறம் பொரி, சுண்டல், வீடு. மறுநாள் காலையில் மாஸ்டரை அவளே ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்தாள்.

மறுநாள்.

சிரிப்பு அங்கேயே நின்றது. ஈரச் சந்தனம் உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று அளவீட்டுப் பிரிவுத் தலைவிக்குப் புத்தகத்தைப் புரட்டித் தெரியவேண்டியதில்லை. சித்திரை வெயிலில் கழுத்தில் பூசிக்கொண்ட எவருக்கும் தெரியும். குளிரும்.

"ஒண்ணும் இருக்காது," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு எழுந்தாள். பூஜை அலமாரியில் சந்தனப் பொடிப் பாக்கெட் பாதி மீதி இருந்தது. டப்பா மூடியில் குழைத்தாள். சோதனைப் படுக்கையை முப்பத்தாறரையில் நிறுத்தி மாஸ்டரை வைத்தாள். முப்பத்தாறரை என்றே காட்டியது. நுனியில் பொட்டு வைத்தாள்.

குறையாதே, குறையாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றாள். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரரைக்கூடக் கூப்பிட்டாள். எண் அவருக்கும் பயப்படவில்லை. முப்பத்தாறு. முப்பத்தைந்தரை. முப்பத்தைந்து புள்ளி ஒன்றில் போய் நின்றது. துடைத்துவிட்டு இன்னும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள்; அதே எண்.

கணக்கு சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும். மாஸ்டர் கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி குறைத்துச் சொல்லியிருக்கிறது. அதை நம்பி மூன்று படுக்கைகளையும் குறைத்துக் காட்டும்படி அவளே திருகிவைத்திருக்கிறாள். திரையில் முப்பத்தாறரை என்று வரும்போது பிள்ளையின் தோல் முப்பத்தெட்டில் வெந்துகொண்டிருக்கும். ஒன்றரைக் கிலோ, ஒன்றேகால் கிலோப் பிள்ளைகள். வியர்க்கக்கூடத் தெரியாத வயது. கை கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

லாசரஸ் சார் திங்கட்கிழமை விருந்துக்கு மெனு எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கிறிஸ்தவர்தான், ஆனால் ஆயுத பூஜைச் சுண்டலுக்கு முதல் ஆளாகத் தட்டு நீட்டுவார். கிறிஸ்துமஸுக்கு எல்லோர் வீட்டுக்கும் கேக் வந்துவிடும். ரோஹிணி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரோஹிணிம்மா, ஒரு தடவைதானே டெஸ்ட் பண்ணிப் பார்த்தே? திரும்பப் பண்ணு."

"மூணு தடவை பண்ணிட்டேன் சார்."

"சரி. ஃபாரம் எழுதிடலாம். நாளைக்கு ஆபீஸ் லீவு. திங்கக்கிழமை டெலிகேட்ஸ் போனதும் டெல்லிக்கு அனுப்பிடறேன். அவங்க கொழும்புக்கு அனுப்புவாங்க, கொழும்பு அவங்க ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்கு..."

"ஆறு வேலை நாள் ஆகும் சார்."

"ஆகும்தான். அதான் ரூல்."

"சார், பிள்ளைங்க சார்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நான் என்ன கல்லா? ஆனா நேரா ஆஸ்பத்திரிக்குப் பேச மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். பேசினா நம்மள லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க. பதினாலு குடும்பம். இந்தத் திட்டமே இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கு. முதல் பொருள்லயே சந்தனம் வெச்சோம், பிள்ளையைச் சுட்டோம்னு பேப்பர்ல வந்தா, அஞ்சு நாட்டுல ஒருத்தன் இன்னொருத்தன் சான்றை நம்புவானா?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் ரோஹிணிக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவன் ஒருவன் எதிரே இருந்தால் சண்டை போடலாம். இங்கே எதிரே நின்றவரும் அவளைப் போலவே பயந்துபோயிருந்தார்.

"அங்க அவங்க ஒரு தடவை செக் பண்ணாமலா யூஸ் பண்ணுவாங்க?" என்றார் கடைசியாக.

பத்து நாள் முன்புதான் நேபாளத்திலிருந்து வந்த ஒரு ரத்த அழுத்தக் கருவியை, அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று ரோஹிணியே பிரித்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்திருந்தாள்.

கீழே ஸ்டோருக்கு இறங்கினாள். லிஃப்ட் வழக்கம்போல மழைக்கு லீவு. அங்கே காமு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அனகாபுத்தூர்க்காரி, பொருள் அனுப்புவது முழுக்க அவள் பொறுப்பு. ஆய்வுக்கூடத்தின் கோப்புகளில் ஆஸ்பத்திரியின் பெயர்கூடக் கிடையாது, கொழும்பு அலுவலக முகவரி மட்டும்தான். ஆனால் பெட்டி எங்கே போய் இறங்கியது என்று காமுவுக்குத் தெரியாமல் இருக்காது.

"இன்னாக்கா, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கீது? சோறு துன்னியா இல்லியா?"

"காமு, விஜயதசமி அன்னிக்கு டெஸ்ட் பண்ணோமே மூணு பெட்டி..."

"பொட்டு வெச்ச பொட்டிதானே? நாந்தானே பேக் பண்ணேன். அதுங்க மலை மேல ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போச்சு. அந்த லாரிக்காரன் வழி தெரியாம எனக்குப் போன் போட்டு பேஜார் பண்ணிகினு இருந்தான், நர்சம்மா ஒண்ணுதான் போன்ல வழி சொல்லிச்சு. நம்பரு எழுதி வெச்சிகினேன்." அவள் நோட்டைப் புரட்டினாள். "இந்தா. யூனிஸ் சிஸ்டர். இன்னாக்கா ஆச்சு? ஒடஞ்சிப் போச்சா?"

"உடையல காமு. உடைஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்."

தன் செல்போனிலிருந்தே அடித்தாள். மணி போகவில்லை. மறுபடி அடித்தாள். ஏதோ ஒரு மொழியில் ஒரு பெண் குரல் பதிவு பேசி நின்றது. மூன்றாவது தடவை மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அந்த மணிச் சத்தத்துக்குள் ரோஹிணிக்கு என்னென்னவோ தோன்றியது. பெட்டி போய் நாற்பது நாள் ஆகிறது. நாற்பது நாளில் ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் எத்தனை பிள்ளை பிறக்கும்? எத்தனை பிள்ளை எடை குறைவாகப் பிறக்கும்? தன் மகள் பிறந்தபோது மூன்று நாள் இப்படி ஒரு விளக்கடியில் கிடந்தது நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த எண்ணைத்தானே அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்! பிள்ளையைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்த்தாள்.

"ஹலோ?"

"யூனிஸ் சிஸ்டருங்களா? நான் தாம்பரத்துலேர்ந்து, சென்னையிலேர்ந்து பேசறேன். உங்களுக்கு வந்த பிள்ளைப் படுக்கை, அதைச் சோதிச்ச இடம். என் பேர் ரோஹிணி."

"ஓம், சொல்லுங்கோ. லேபர் ரூமிலை நிக்கிறன், கெதியாச் சொல்லுங்கோ."

"இப்ப அதுல பிள்ளை இருக்கா சிஸ்டர்?"

"ஒண்டு பிளக் இல்லாமல் பெட்டியோடயே கிடக்கு. ஒண்டு இங்கை லேபர் ரூமிலை, பிறந்த பிள்ளையளைப் பத்து நிமிசம் வைக்கிறதுக்கு. மற்றதிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. நாலு நாள். ஒண்டரைக் கிலோ."

"பிள்ளை எப்பிடி இருக்கு?"

"காய்ச்சல். முப்பத்தெட்டேகால், முப்பத்தெட்டரை எண்டு இறங்குதே இல்லை. கிருமி எண்டு டொக்டர் மருந்து துடங்கியிருக்கிறார். மூண்டு தரம் ரத்தம் எடுத்தாச்சு, அந்தச் சின்னக் காலிலை இனிக் குத்த இடமில்லை. ஏன் கேக்கிறீங்கள்?"

எத்தனையோ அழகான வாக்கியங்கள் அலுவலகத்தில் உண்டு. அளவீட்டு விலகல் காணப்பட்டுள்ளது என்று சொல்லலாம். முன்னெச்சரிக்கையாகப் பயன்பாட்டை நிறுத்திவைக்கவும் என்று சொல்லலாம். ஒன்றும் வாயில் வரவில்லை.

"பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாம இருக்கலாம் சிஸ்டர். அந்தப் படுக்கைதான் சுடுது. முப்பத்தாறரைன்னு காட்டறப்ப உண்மையில முப்பத்தெட்டு. நாங்கதான் தப்பா செட் பண்ணிட்டோம். நான்தான். தயவு பண்ணி பிள்ளையை உடனே வெளிய எடுத்துடுங்க."

மறுமுனையில் யூனிஸ் யாரையோ சிங்களத்தில் உரக்கக் கூப்பிடுவது கேட்டது. செருப்புச் சத்தம். கதவு. போனை எங்கோ வைத்த சத்தம். அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

திரும்பிப் பார்த்தாள். லாசரஸ் சார் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. போனைப் பிடுங்குவார் என்று நினைத்தாள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார்.

"உக்காரு," என்றார். "ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள். மலைமேலும் மழை பெய்கிறது போலிருந்தது; தகரத்தில் விழும் சத்தம். அந்த மழையும் இந்த மழையும் சேர்ந்து ஸ்டோரில் இரைந்தன. ஒரு பிள்ளை மெலிதாகச் சிணுங்கியது. பேச்சு எல்லாம் சிங்களம். ஒரு சொல்லும் புரியவில்லை. காமு டேப்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். லாசரஸ் சாரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஏழெட்டு நிமிடம் கழித்து யூனிஸ் வந்தாள். "ரெண்டையும் நிப்பாட்டிப்போட்டம். பிள்ளையைத் தாயின்ரை நெஞ்சிலை போட்டிருக்கு, தோலோடை தோலா. டொக்டர் அரை மணித்தியாலம் பொறுத்துப் பாப்பம் எண்டுறார். போனை வைக்கட்டோ?"

"வேணாம் சிஸ்டர். நான் இருக்கேன்."

அந்த அரை மணி நேரத்தை ரோஹிணி ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். காய்ச்சல் இறங்கினால் அந்தப் பிள்ளையை நாலு நாள் சுட்டது அவள் என்று ஆகும். இறங்காவிட்டால் பிள்ளைக்கு உண்மையிலேயே கிருமி. எதற்கு வேண்டிக்கொள்வது? இறங்க வேண்டும், இறங்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். தன்மேல் பழி வரட்டும் என்று ஒரு மனுஷி சாமியைக் கெஞ்சுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"முப்பத்தேழு புள்ளி மூண்டு," என்றது போன்.

காமு "ஐயோ சாமி" என்று டேப்பைக் கீழே போட்டாள்.

"மருந்தை இப்ப நிப்பாட்டேலாது, ரத்த ரிசல்ட் வரவேணும். ஆனா பிள்ளை பால் குடிக்குது." யூனிஸின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ஒண்டு கேக்கவேணும் உங்களிட்டை. ரெண்டு கிழமைக்கு முந்தி, பதினாலு நாள் இருக்கும், இன்னொரு பிள்ளை, இதைவிடச் சின்னது. இதே மாதிரித்தான் காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்ஸிலை அனுப்பினம். அந்தப் பிள்ளையும் இதிலைதான் கிடந்தது."

"என்ன ஆச்சு சிஸ்டர் அந்தப் பிள்ளைக்கு?"

"தெரியாது. தகவல் ஒண்டும் வரேல்லை. இனித்தான் விசாரிக்கவேணும்."

லாசரஸ் சார் சட்டைப்பையிலிருந்து டெல்லிக்குப் போகவேண்டிய ஃபாரத்தை எடுத்துப் பெட்டிமேல் வைத்து, பொறுப்பாளர் என்ற இடத்தில் முதலில் தன் பெயரை எழுதினார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"சிஸ்டர்," ரோஹிணி மெதுவாகக் கேட்டாள், "சுடுதுன்னு கைக்குத் தெரியலையா?"

கேட்டிருக்கக்கூடாது என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. ஆனால் யூனிஸ் நிதானமாகவே பதில் சொன்னாள்.

"எங்கட பழைய படுக்கையளுக்கு ஒரு கடுதாசியும் இல்லை. அதாலை ஒவ்வொரு தரமும் மணிக்கட்டை வைச்சுப் பாத்துத்தான் பிள்ளையைக் கிடத்துவம். நான் வேலைக்குச் சேந்த நாளிலையிருந்து அப்பிடித்தான். இதிலை உங்கட சான்று ஒட்டியிருந்தது, அஞ்சு நாட்டு முத்திரையோட. அதாலை பாக்கேல்லை. காய்ச்சல் எண்டதும் தெர்மாமீட்டரைத்தான் சந்தேகப்பட்டு ரெண்டு தரம் மாத்தினம்."

ரோஹிணி கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த ஸ்டிக்கரைக் கிழிச்சுடுங்க சிஸ்டர். மூணுலயும்."

நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு எதாலோ, பிளேடாக இருக்கலாம், கீறும் சத்தம்.

"வருகுதில்லை. என்னத்தாலை ஒட்டினீங்கள்?"

வராது. யாரும் பிய்த்து வேறு கருவிக்கு ஒட்டிவிடக்கூடாது என்று, பிய்க்கவே முடியாத ஸ்டிக்கராகப் பார்த்து மும்பையிலிருந்து வரவழைத்தவள் ரோஹிணிதான். அதற்காக அவளுக்குப் போன வருடம் ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

"அப்ப அதுமேலயே எழுதிடுங்க சிஸ்டர். அழியாத மையில. இதுல பிள்ளையை வைக்கக் கூடாதுன்னு."

"மூண்டு பாசையிலையும் எழுதிறன்," என்றாள் யூனிஸ். மார்க்கர் கிரீச்சிட்டது. தமிழை எழுதும்போது ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பிறகு நின்றாள். "ஆர் சொன்னது எண்டு போட? நாளைக்கு வேறை ஷிஃப்ட் வரும், கேப்பினம்."

"கீழ ஒரு பேரு இருக்குல்ல சிஸ்டர்? ஆர். ரோஹிணி, தாம்பரம்னு?"

"ஓம், கிடக்கு. அது மட்டும் நல்லா வடிவாத் தெரியுது."

"அதுவே போதும். அதை அழிச்சுடாதீங்க," என்றாள் ரோஹிணி. போனைக் காமுவிடம் கொடுத்துவிட்டு, ஃபாரத்தில் லாசரஸ் சார் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள்.